உப்பு மண்ணில் எண்ணெய் வித்து

கொல்லிமலைக் காடுகளில் சாமையும் தினையும், நிழலில் மிளகும் காப்பியும் விளைகின்றன. மண் உப்பாகிவிட்டது என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. மழைதான் காரணம். பாறை சிதையும்போது வெளிப்படும் சோடியம், கால்சிய உப்புகளைக் கரைத்து, ஐயாறு என்ற ஆற்றின் வழியே கீழே இறக்கிவிடுகிறது மழை. சமவெளியில் வடிகால் இல்லாத பள்ளக்காலிலும், உப்புக் கிணற்றுநீர் பாயும் வயலிலும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

கரையும் உப்பு மிகுந்து, மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர் நிலம்.

நம் பக்கத்து எண்ணெய் வித்து நிலக்கடலை. அது உப்புக்குச் சீக்கிரம் தோற்றுவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸும் ஹாஃப்மனும் 1977-இல் வெளியிட்ட அட்டவணைப்படி அதன் தாங்கும் எல்லை 3.2 டெசிசைமன்ஸ், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 29 சதவீதம் சரியும். களர் நிலத்தில் இன்னொரு கேடும் சேர்கிறது. பூ கருவுற்றதும் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது அல்லவா? அந்தக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பெரும்பாலும் வேரிடமிருந்து பெறுவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. அங்கே சோடியம் மிகுந்து கால்சியம் குறைந்தால், செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் பொக்குக் காய்தான் வரும். மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்வது காய்க்குக் கால்சியம் ஊட்டத்தான். களரைத் திருத்த அந்த அளவு போதாது. மண் பரிசோதனைப்படி டன் கணக்கில் வேண்டும்.

உப்பைச் சமாளிப்பதில் கடுகு இனப் பயிர்கள் சில கெட்டிக்காரப் பயிர்கள். உப்பு மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதை எளிதில் இழுக்க முடியாது. ஆகவே செடி புரோலின், சர்க்கரை போன்றவற்றைத் தன் செல்லில் சேர்த்து உறிஞ்சும் வலுவைக் கூட்டிக்கொள்கிறது. அடுத்த தொல்லை, பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் நுழைந்து நொதிகளைக் கெடுப்பது. வேர்ச் செல்லின் சவ்வில் உள்ள புரதங்கள் சோடியத்தை வெளியே தள்ளுகின்றன. தப்பி உள்ளே வந்ததை, பரணில் ஏற்றி வைப்பதுபோல, செல்லின் நடுவே உள்ள நுண்குமிழிக்குள் அடைக்க வேறொரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தை மிகுதியாக உருவாக்கும்படி மரபணு மாற்றிய கனோலாவை, கடுகின் உறவுப் பயிரை, ஆய்வாளர் எடுவார்டோ புளூம்வால்டின் குழு 2001-இல் வளர்த்தது. கடல்நீரின் உப்புச்செறிவில் சுமார் 40 சதவீதம் கொண்ட நீரிலும் அது விதை கட்டியது; எண்ணெயின் தரமும் பெரிதாகக் குறையவில்லை.

இந்தியாவில் இதே இலக்கை மரபான பயிர்ப் பெருக்கத்தால் எட்டியிருக்கிறார்கள். 1969-இல் தொடங்கி, ஹரியானாவின் கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் சிஎஸ் 52, சிஎஸ் 54, சிஎஸ் 56 என உப்பைத் தாங்கும் கடுகு ரகங்களை வரிசையாகத் தந்திருக்கிறது. என்னைக் கேட்டால், விவசாயிக்கு நேரடியாகப் பயன்பட்டது இந்தப் பொறுமையான வேலைதான்.

ஆனால் கடுகு குளிர்காலப் பயிர். வடக்கின் ரகத்தை அப்படியே நம் வெயிலில் கொண்டுவந்து விதைக்க முடியாது. நடுத்தரமாக உப்பைத் தாங்கும் சூரியகாந்தி இங்கே கைகொடுக்கும். ஆனால் முளைவிட்டு இளஞ்செடியாக இருக்கும் பருவத்தில் பெரும்பாலான பயிர்கள் உப்புக்கு எளிதில் அடிபடும். முதல் தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். விதை வாங்கப் போகுமுன் வயல் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.