மின்சாரமும் ஊராரின் சம்மதமும்

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பிரயாணம் செய்பவர்கள் ஒரு காலத்தில் கோபுர தரிசனத்தையே எதிர்பார்த்து வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். இன்று கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்னால், சவுக்குத் தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் அப்பால் வானளாவிய புகைபோக்கி ஒன்று கண்ணில் படுகிறது. பரங்கிப்பேட்டைக்கு அருகே அமைந்துள்ள அனல் மின் நிலையம் அது. மேற்கே சிறிது தூரம் சென்றால் நெய்வேலி. ஒரே ஜில்லாவில் மண்ணுக்கடியிலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியும் எரிகிறது. கடல் கடந்து வரும் நிலக்கரியும் எரிகிறது. அந்த நெருப்பில் பிறக்கும் மின்சாரம் தென்னாட்டின் பல பாகங்களில் விளக்கேற்றுகிறது. இவ்வளவு பெரிய உபகாரத்தைச் செய்யும் ஊர்களின் ஜனங்கள், “இன்னும் ஒரு நிலையமா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தேசத் துரோகமென்று ஒதுக்காமல், நியாய புத்தியுடன் ஆராய்வதே நமது நோக்கம்.

நெய்வேலி பிறந்த கதை

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதை அலட்சியம் செய்யாமல் சர்க்காரின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் அவர். பிறகு தமது நிலத்தையும் கொடுத்து உதவினார். 1956-இல் நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. சுதந்திரம் பெற்ற நாடு தன் காலில் நிற்க வேண்டுமென்ற ஆசைக்கு நெய்வேலி ஒரு சின்னமாக விளங்கிற்று. சுற்றிலுமுள்ள கிராமத்தார் பலர் நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்த தியாகம் அந்த நிர்மாணத்தின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. அந்த முதல் நிலையம் சுமார் அறுபது வருஷம் உழைத்துவிட்டு 2020-இல் ஓய்வு பெற்றது. அதே ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாவது நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துக்களில் தொழிலாளர்கள் பலர் மாண்டது, மின்சாரத்தின் உண்மையான விலையை நாட்டுக்கு நினைவூட்டியது.

ஊருக்குப் பக்கத்தில் ஏன்?

நிலையத்தை ஜனசஞ்சாரமில்லாத இடத்தில் வைத்தாலென்ன என்று சிலர் கேட்பதுண்டு. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ரயிலேற்றித் தூரதேசத்திற்கு அனுப்புவது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே எரிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு நிலக்கரியை நம்பும் நிலையமோ, கப்பல் வரும் வசதிக்காகவும் யந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீருக்காகவும் கடற்கரையை நாடுகிறது. சுரங்கம் இருக்கும் இடத்தில் உழவன் இருக்கிறான். கடற்கரையில் மீனவன் இருக்கிறான். இருவருக்கும் வேறு போக்கிடமில்லை என்பதே சங்கடம்.

பரங்கிப்பேட்டைக்கு இது முதல் அனுபவமன்று. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு உலை அமைத்தார். சேலத்து இரும்புக்கல்லை மரக்கரியால் உருக்கினார்கள். காடுகள் கரியாயின; ஆலையும் நிலைக்கவில்லை. அன்னிய ஆட்சியில் ஊராரை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. இன்று ஆட்சி நம்முடையது. ஆகவே கேட்க வேண்டிய கடமையும் நம்முடையது.

கேட்கும் முறை

அந்தக் கடமைக்குச் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி, பெரிய அனல் மின் நிலையம் வருமுன் அந்த ஜில்லாவில் பொதுஜன விசாரணை நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் தெரிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை ஜனங்களின் பாஷையில் கொடுக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, யார் வேண்டுமானாலும் எழுந்து அபிப்பிராயம் சொல்லலாம். பரங்கிப்பேட்டை நிலையத்திற்கும் 2010-இல் இவ்வாறு விசாரணை நடந்தது. அதே ஆண்டு மே மாதம் டில்லி அனுமதி கொடுத்தது. எதிர்த்தவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை அடைந்தார்கள். 2012 மே மாதத்தில் தீர்ப்பாயம் சொன்ன வார்த்தை முக்கியமானது. சுற்றிலும் ஏற்கெனவே உள்ள ஆலைகள், வரப்போகிற ஆலைகள் யாவற்றின் பாதிப்பையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, அனுமதியைத் திரும்பவும் பரிசீலிக்க வேண்டும் என்பதே அது.

இதில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. ஆலை ஒவ்வொன்றையும் தனித்தனித் தராசில் நிறுத்தால் எந்த ஆலையின் புகையும் அற்பமாகவே தோன்றும். ஆனால் குழந்தை மூச்சு விடும்போது, இது இன்ன ஆலையின் புகை என்று பிரித்து இழுக்கிறதா? வெள்ளாற்று முகத்துவாரமும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும் எல்லாக் கழிவுகளையும் சேர்த்தே தாங்குகின்றன. வழக்கும் வாதமும் நடந்துகொண்டிருக்க, கட்டடமும் எழும்பிற்று. தலைக்கு 600 மெகாவாட் கொண்ட இரு யந்திரங்கள் 2015-லும் 2016-லும் ஓடத் தொடங்கின.

இரு தரப்பு

புதிய நிலையம் வேண்டுமென்பவர்களின் வாதத்தையும் நாம் அசட்டை செய்யலாகாது. மின்வெட்டினால் தமிழ்நாடு பட்ட பாட்டை மறந்தவர் யார்? பம்பு செட்டு ஓடாமல் விவசாயி தவித்தான். சிறு தொழிற்சாலைகள் வேலையின்றிக் கிடந்தன. சூரியன் மறைந்து, காற்றும் ஓய்ந்த இரவில் விளக்கெரிய நிலக்கரி வேண்டியிருக்கிறது என்பது வாஸ்தவம்.

மறுபுறம் 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில் நடந்ததையும் பாருங்கள். சுரங்க விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்டுகையில், பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரின்மேல் யந்திரங்கள் ஏறின. நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, இழப்பீடும் உண்டு என்றது நிறுவனம். விதைத்தவனுக்கு அறுக்கும் வரையில் பொறுத்திருக்கக் கூடாதா என்றார்கள் குடியானவர்கள். பயிர் நஷ்டத்திற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காகிதத்தில் நிலம் கைமாறிவிடலாம். கதிர் வாங்கும் பயிரை மிதிக்க நம் நாட்டு மனம் துணியுமா?

வாக்குறுதிகளின் கதி இன்னொரு வருத்தம். அனல் நிலையங்களின் புகையில் கந்தகத்தை அடக்க வேண்டுமென்று 2015-இல் மத்திய சர்க்கார் விதி செய்தது. கெடு தள்ளித் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த யந்திரம் வேண்டாமென்றே விலக்களித்து விட்டார்கள். விசாரணை மேடையில் கேட்கும் உறுதிமொழியை ஊரார் எப்படி நம்புவது?

நாம் சொல்வது

ஆயினும் ஜனங்களின் குரலுக்குப் பலமில்லை என்று சோர்வடைய வேண்டியதில்லை. 2023-இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியும் வடசேரியும் மைக்கேல்பட்டியும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்ந்தபோது, கட்சி வேற்றுமையின்றித் தமிழ்நாடு எதிர்த்தது. ஏப்ரல் மாதத்திலேயே அவை நீக்கப்பட்டன.

நாம் வேண்டுவன மூன்று. திட்டத்தின் முழு அறிக்கையும் நல்ல தமிழில் ஊர்ச் சாவடிக்கு வரவேண்டும், சுருக்கம் போதாது. ஜில்லா முழுவதன் காற்றையும் நீரையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே புதிய அனுமதியைப் பற்றி யோசிக்க வேண்டும். விசாரணையில் எழுந்த ஒவ்வொரு ஆட்சேபத்திற்கும், ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்துடன் பதில் எழுதி ஊராருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

தியாகம் செய்ய நம் கிராமங்கள் பின்வாங்கியதில்லை. நெய்வேலியே அதற்குச் சாட்சி. ஆனால் மனமுவந்து கொடுத்தால்தான் அது தியாகம். கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. இன்றிரவு வீட்டில் விளக்கைப் போடும்போது, கடலூர் ஜில்லாவின் குடியானவனையும் செம்படவனையும் நேயர்கள் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வார்களாக!