கேமரா வாங்கும் முன்: எதைப் படமெடுக்கப் போகிறோம்?

வீட்டில் நிக்காஹ் நிச்சயமானாலோ, பிள்ளை விஸ்காம் படிப்பில் சேர்ந்தாலோ "எந்த கேமரா வாங்கலாம்?" என்ற பேச்சு வந்துவிடும். எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் இல்லை. பெரிய விலை கொடுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைப்பதும் வீண்விரயம்தான்.

லென்ஸ்தான் முக்கியம்

பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், இருட்டறைக்குள் சிறு துளை வழியாக ஒளி நுழைவதை 11-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். இன்றைய கேமராவும் ஓர் இருட்டறையே. துளையின் இடத்தில் லென்ஸ், சுவரின் இடத்தில் சென்சார். ஆகவே பட்ஜெட்டில் பாடிக்கு மட்டுமல்ல, லென்ஸுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நிக்காஹ், வீட்டு விசேஷங்கள்: மண்டபங்களில் வெளிச்சம் குறைவு. கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ், ஜூம் செய்ததும் பெரும்பாலும் எஃப்/5.6 அளவுக்கே திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் எஃப்/1.8-ல் குரூப் போட்டோ எடுத்தால் ஒரு வரிசை மட்டுமே தெளிவாக இருக்கும். அதற்கு 18-55 லென்ஸே பொருத்தம்.

பறவைகள்: செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் அங்கே வலசைப் பறவைகள் வருகின்றன. இவற்றை எடுக்கக் குறைந்தது 300 மி.மீ. வரை எட்டும் லென்ஸ் தேவை. ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் அது சுமார் 450 மி.மீ. போலக் காட்டும். எனவே, இதற்கு விலை அதிகமான ஃபுல் ஃபிரேம் கட்டாயமில்லை.

வீட்டுத் தொழில்: பலகாரம், புர்கா விற்கும் சகோதரிகளுக்கு ஜன்னல் வெளிச்சம், ஒரு டிரைபாட், கையிலுள்ள போன் ஆகியவையே தொடங்கப் போதும்.

வாங்கும்போது

ஒரு கம்பெனியின் லென்ஸ் மற்றொன்றின் கேமராவில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. பழைய லென்ஸ் என்றால், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையின் ஈரக்காற்றில் அது எளிதில் பிடிக்கும். வாங்கிய பின் சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வட்டித் தவணையில் புதியது வாங்குவதைவிட, கைக்காசில் நல்ல பழையது வாங்குவது மேல்.

இன்னொன்று: பெண்கள் பகுதியில் அனுமதியின்றிப் படமெடுப்பதும், எடுத்ததை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் வேண்டாம். கேமரா வாங்கித் தரும்போதே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவோம்.