மாலையில் சரியும் இமை

காலையில் தலை வாரும்போது கை சொன்னபடி கேட்கிறது. மதியம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகிறது. பொழுது சாயும் நேரத்தில் இமை பாதிக் கண்ணை மூடிவிட, டி.வி.யில் உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. இரவு தூங்கி எழுந்தால் பழையபடி சரியாகிவிடுகிறது. வீட்டில் இதை அசதி என்பார்கள். நோயாளி மருத்துவரிடம் போவதோ காலையில். அந்த நேரத்தில் குறை எதுவும் கண்ணில் படாமல் போகலாம். ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்ற இந்த நோய் பலருக்கு மாதக்கணக்கில் பிடிபடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இதில் நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு. நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. தசையின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டால்தான் தசை சுருங்கும்.

இந்தச் சந்திப்பின் மீது வெளிச்சம் விழுந்தது 1934இல். லண்டன் கிரீனிச்சில் இருந்த செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர், இந்நோயின் தளர்ச்சி, இதே சந்திப்பை முடக்கும் க்யூரரே நஞ்சு தாக்கியவர்களின் தளர்ச்சியைப் போலவே இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் க்யூரரேக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மைன் இங்கும் பலிக்க வேண்டுமே! 56 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சரிந்து கிடந்த இமை உயர்ந்தது. மருந்தின் பலன் சில மணி நேரம்தான் நின்றது. ஆனாலும் கோளாறு எங்கே என்பதை அது காட்டிக்கொடுத்தது.

காரணம் தெரிய மேலும் சுமார் 40 ஆண்டுகள் ஆயின. 1973இல் ஜிம் பாட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்த ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்களின் உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் தயாரித்தது. அந்த எதிர்ப்பொருள் முயல்களின் சொந்த ஏற்பிகளையே தாக்க, முயல்கள் தளர்ந்து விழுந்தன. பெரும்பாலான நோயாளிகளின் உடலிலும் இதுதான் நடக்கிறது. அதே ஆண்டு டேனியல் டிராக்மன் குழுவினர் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டினார்கள். எண்ண உதவியது, தைவானில் கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த, ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும் ஒரு நச்சுப்பொருள். நம் ஊர்களில் நாகமோ கட்டுவிரியனோ கடித்தவர்களுக்கு இமை சரிவதும் இதே சந்திப்பு முடங்குவதால்தான்.

கண்டறியும் முறைகளில் மிக எளியது ஐஸ் கட்டி. மூடிய இமையின் மேல் சுமார் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால், இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இமை சற்று உயர்கிறது. குளிர்ச்சி, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை மந்தமாக்குகிறது என்பது ஒரு விளக்கம். அடுத்து, நரம்பை வினாடிக்கு இரண்டு மூன்று முறை மின்சாரத்தால் தூண்டி, தசையின் எதிர்வினை படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். உடல் முழுதும் தளர்ச்சி உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்கு அது தென்படுகிறது. இந்நோயோடு சேர்ந்து வரக்கூடிய தைமஸ் சுரப்பிக் கட்டி இருக்கிறதா என்று அறிய மார்பை ஸ்கேன் எடுப்பதும் கட்டாயம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நோயாளியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் முகத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்துவிட்டால் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.