மாம்பழம் தண்ணீரில் மிதந்தால் கார்பைடு பழமா? வாளித் தண்ணீர் சோதனை உண்மையில் எதைக் காட்டுகிறது?

மாம்பழ சீசன் வந்தாலே போதும், வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவும் வந்துவிடும். ஒரு வாளி தண்ணீர், அதில் நாலைந்து மாம்பழங்கள். 'மூழ்கினால் நல்ல பழம், மிதந்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது' என்று ஒரு குரல் சொல்லும். இதை நம்பி மிதக்கும் பழத்தைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு. மூழ்கிய பழத்தைச் சந்தேகமே இல்லாமல் குழந்தைக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

இது சரிதானா?

தண்ணீர் காட்டுவது அடர்த்தியை மட்டுமே

எடையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. தண்ணீரின் அடர்த்தி ஒரு மில்லி லிட்டருக்கு 1 கிராம். அதைவிடக் குறைவாக இருந்தால் பழம் மிதக்கும், கூடுதலாக இருந்தால் மூழ்கும். ஆப்பிள் மிதப்பதற்குக் காரணம், அதன் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்றுதான்.

மாங்காய் மரத்திலேயே முற்ற முற்ற, சதையில் மாவுச்சத்து சேர்ந்து அடர்த்தி ஏறும். அல்போன்சா ரகத்தில் அடர்த்தி 1.01 முதல் 1.02 வரை இருந்தால் காய் முற்றிவிட்டது என்று கணக்கு. காயை வெட்டாமலேயே முற்றலைக் கண்டுபிடிக்கும் வழி இது.

அப்போ கார்பைடு?

கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். அந்த வாயுதான் காயைப் பழுக்க வைக்கிறது. முற்றிய காயை கார்பைடு வைத்துப் பழுக்க வைத்தாலும் அது மூழ்கத்தான் செய்யும். முற்றாத காய் எந்த ரசாயனமும் இல்லாமல் வெம்பிப் பழுத்தாலும் மிதக்கலாம். அவசரத்தில் முன்கூட்டியே பறித்த காய்களுக்கு கார்பைடு வைப்பதால், சில நேரம் இரண்டும் ஒத்துப்போகும். அது ஆதாரம் ஆகாது.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு போதும். பழத்தில் ஒரு கீறல்கூட விழாது.

1. பழத்தை எடை போடுங்கள். உதாரணத்துக்கு, 250 கிராம்.
2. தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்து, 'டேர்' பட்டனை அழுத்தி 0 ஆக்குங்கள்.
3. பழத்தை நூலில் கட்டி, முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. மிதந்தால், மெல்லிய குச்சியால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடியுங்கள்.
4. இப்போது தராசு காட்டும் கிராம்தான் பழத்தின் கன அளவு, மில்லி லிட்டரில். 246 என்று காட்டினால், 250 ÷ 246 = 1.016.

தராசு ஒரு கிராம் தவறாகக் காட்டினாலே விடை 1.012 அல்லது 1.020 என்று மாறிவிடும். தோலில் ஒட்டும் காற்றுக் குமிழ்களைத் துடைத்துவிடுவது அவசியம். இல்லையென்றால் கன அளவு கூடி, அடர்த்தி குறைவாகத் தெரியும்.

டேப் வைத்து அளக்கலாமா?

மரத்தில் தொங்கும் காய்க்கு இது கைகொடுக்கும். நீளம் × அகலம் × தடிமன் × 0.52. 10, 7, 6.5 சென்டிமீட்டர் என்றால் சுமார் 237 மில்லி லிட்டர். ஆனால் மாங்காய் சரியான முட்டை வடிவம் இல்லை, கணக்கு சில சதவீதம் தப்பும். முற்றிய காய்க்கும் முற்றாத காய்க்கும் உள்ள வித்தியாசமே ஓரிரு சதவீதம்தான். அதனால் காய் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்க்க டேப் போதும். அடர்த்தி பார்க்கத் தண்ணீர்தான் வேண்டும்.

இதையும் கவனியுங்கள்

வெயிலில் சூடான பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். காம்புப் பக்கம் வழியாகத் தண்ணீரும் கிருமிகளும் உள்ளே இழுக்கப்படலாம். சுத்தமான தண்ணீரில், அளந்த உடனே எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

பழங்களைப் பழுக்க வைக்க கார்பைடு பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவை சிறிதளவு கலந்திருக்கலாம் என்பதே பயம். எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. கடையிலோ குடோனிலோ கார்பைடு பொட்டலங்களைப் பார்த்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது, மிதந்தாலும் மூழ்கினாலும் பழத்தை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடுவதுதான்.