அரைக்கும்போது மாவு பொங்காது

மாவு கிரைண்டரிலேயே பொங்கிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அரைத்து வழித்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி இடம் விட்டு மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். நாம் தூங்கும்போதுதான் அது பொங்குகிறது. தசை வளர்வதும் இப்படித்தான். ஆணழகன் போட்டி மேடைக்கு ஆசைப்படும் பையன்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். ஜிம்மில் நடப்பது அரைப்பு. வளர்ச்சி வேறு நேரத்தில், வேறு இடத்தில் நடக்கிறது.

கண்ணாடி முன்னால் கர்ல் அடித்து முடித்ததும் கை புடைத்து நிற்குமே, அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘பம்ப்’ என்று சொல்லும் அந்தப் புடைப்பு, உழைத்த தசைக்குள் ரத்தமும் நீரும் திரண்டதால் வருவது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதைத் துரத்திக்கொண்டு தினமும் மூன்று மணி நேரம் ஜிம்மிலேயே கிடப்பவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அது சரியான இடத்தில் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

அரைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தசை என்பது மெல்லிய நார்களின் கட்டு. ஒவ்வொரு நாருக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்ற இரு வகைப் புரத இழைகள் ஒன்றை ஒன்று பற்றி இழுக்கின்றன. அந்த இழுப்புதான் பளுவைத் தூக்குகிறது. பளு கூடும்போது நாரின் மேல் விழும் இழுவிசையும் கூடுகிறது. நாரில் உள்ள சில புரதங்கள் அந்த விசையை உணர்ந்து, ‘இங்கே இன்னும் கட்ட வேண்டும்’ என்ற வேதிச் செய்தியாக உள்ளே அனுப்புகின்றன. அந்தச் செய்தியை எழுப்பிவிடுவதோடு பயிற்சியின் வேலை முடிந்தது.

எல்லா நார்களும் ஒரே சமயத்தில் வேலைக்கு வருவதில்லை. நரம்பு மண்டலம் சிக்கனமானது. சின்ன நார்க் கூட்டங்களை முதலில் அழைக்கும். அவற்றால் முடியாதபோதுதான் பெரிய கூட்டங்களைக் கூப்பிடும். எல்வுட் ஹென்னிமன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் விளக்கிய விதி இது. வளரும் வாய்ப்பு அதிகம் உள்ளவை அந்தப் பெரிய நார்கள்தான். அதனால்தான் ஒரு செட்டின், அதாவது இடைவிடாமல் அடிக்கும் ஒரு சுற்றின், கடைசி இரண்டு மூன்று ரெப்ஸுக்கு (தூக்கல்களுக்கு) அவ்வளவு மதிப்பு. முதல் ஏழு ரெப்ஸை எளிதாக அடித்துவிட்டுப் பளுவைக் கீழே வைப்பவர், பெரிய நார்களை எழுப்பாமலே வீடு திரும்புகிறார். மிதமான எடையிலும் தசை வளரும் என்று இப்போதைய ஆய்வுகள் சொல்வதற்கும் காரணம் இதுவே: இனி ஒன்றிரண்டு ரெப்ஸ்தான் முடியும் என்ற எல்லை வரை போனால், எடை குறைவாக இருந்தாலும் பெரிய நார்கள் கடைசியில் வேலைக்கு வந்தே தீரும்.

பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர். முழங்கால் சேதமான வீரர்களை மெதுவாக நடமாட வைக்கும் வழக்கத்தை விட்டு, எடை தூக்க வைத்து, வாரா வாரம் எடையைக் கூட்டினார். 1945-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இன்று தெருமுனை ஜிம்மில் மாஸ்டர் ‘இந்த வாரம் ரெண்டரை கிலோ ஏத்து’ என்கிறாரே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்த ராணுவ மருத்துவமனையும் இருக்கிறது.

அரைப்பிலும் அளவு உண்டு. கல் சூடேறும் வரை ஓட்டினால் மாவும் சூடாகி, காலையில் சரியாகப் பொங்காது. ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட் முதல் இருபது செட் வரை என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். மறுநாள் கை தூக்க முடியாமல் வலிப்பதை வெற்றியின் அடையாளமாக நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரங்களில் உருவாகும் புரதத்தில் பெரும்பகுதி, சேதமான நார்களைச் சரிசெய்யவே போய்விடுகிறது. வலி குறைந்து உடம்பு பழகிய பிறகுதான் அது உண்மையான வளர்ச்சியாக மாறுகிறது.

அடுத்து உளுந்து. எவ்வளவு நன்றாக அரைத்தாலும் உளுந்து இல்லாத மாவு எழும்பாது. பொங்கும் காற்றைப் பிடித்து வைப்பதே அதன் பசைதான். தசைக்கு அந்த இடத்தில் இருப்பது புரதம். 2018-ல் 49 ஆய்வுகளைத் தொகுத்து வந்த ஓர் ஆய்வு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் பலன் இல்லை என்று கண்டது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், சமைத்த நெஞ்சுக் கோழிக்கறி நூறு கிராமில் 30 கிராம் அளவுக்கு, நூறு கிராம் காய்ந்த சோயா உருண்டையில் 50 கிராம் அளவுக்கு. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டாலும் பதினைந்து கிராமைத் தாண்டுவது கடினம். சம்பளத்தில் பாதியைப் புரதப்பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் பையன்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தப் பொடி பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவுதான். முட்டையும் பாலும் சோயாவும் அந்த வேலையைச் செய்யும். அரிசியையும் மறந்துவிடக் கூடாது. சோற்றைப் பகைத்துக்கொண்டு புரதத்தை மட்டும் தின்றால், உடம்பு அந்தப் புரதத்தில் ஒரு பங்கை எரிபொருளாகச் செலவழித்துவிடும்.

இப்போது மூடி வைத்த பாத்திரத்துக்கு வருவோம். ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு தசையில் புரதம் உருவாகும் வேகம் கூடி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை கூடிய நிலையிலேயே இருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்ட புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து நாருக்குள் புதிய இழைகளாகச் சேர்கிறது. நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உறங்கும் துணைச் செல்களும் இருக்கின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்ற அறிஞர் அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். கடுமையான உழைப்புக்குப் பிறகு அவை விழித்து, பெருகி, தங்கள் உட்கருக்களை நாருக்குக் கொடுக்கின்றன. நார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற நார்தான் தடிக்கிறது.

தூக்கத்தைக் கெடுத்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் இளம் வயதினரை ஓர் இரவு முழுக்க விழிக்க வைத்து அளந்தார்கள். தசையில் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஓர் இரவு! மாவைப் பாதியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளுவதைப் போலத்தான் இது. நைட் ஷிப்டு முடித்துக் கண் எரிச்சலோடு நேராக ஜிம்முக்கு வருபவரிடம், ‘இன்னிக்குத் தூங்கிட்டு நாளைக்கு வா’ என்று அனுப்பி வைக்கும் மாஸ்டரை நான் பெரிய ஆசானாகவே நினைப்பேன்.

புதுப் பாத்திரத்தில் பழைய மாவை ஒரு கரண்டி விட்டால் சீக்கிரம் பொங்கும், இல்லையா? பல ஆண்டு பயிற்சி செய்து, கல்யாணம், வேலை என்று விட்டுவிட்டுத் திரும்பி வருபவரும் புதியவரைவிட வேகமாகப் பழைய உடம்பைப் பிடித்துவிடுகிறார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் குண்டர்சன் குழு 2010-ல் எலிகளில் இதற்கு ஒரு விளக்கம் கண்டது. உழைப்பால் தசைக்குள் சேர்ந்த உட்கருக்கள், தசை சுருங்கிய பிறகும் அங்கேயே தங்கியிருந்தன. நாற்பது வயதில் திரும்பி வரத் தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பொறுக்க முடியாதவர் கையில் ஆப்ப சோடா இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யாது என்று பொய் சொல்லி யாரையும் காப்பாற்ற முடியாது. அது வேலை செய்யும். 1996-ல் பாசின் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரியாக 3.2 கிலோ கூடியது. மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது 1.9 கிலோ. இரண்டையும் செய்தவர்களுக்கு 6.1 கிலோ. மேடையில் நிற்பவரைப் பார்த்து ‘நான் உழைப்பது போதவில்லை’ என்று இருபது வயதுப் பையன் தன்னையே நொந்துகொள்வதற்கு முன், இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சோடாவுக்கு மாவின் ஒரு மூலையை மட்டும் பொங்க வைக்கத் தெரியாது. ஊசிக்கும் கைத் தசையை மட்டும் வளர்க்கத் தெரியாது. இதயமும் தசைதான்; அதன் இடது அறையின் சுவர் தடிக்கிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சரிகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டுவதால் விந்தகம் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. ஊசியை விட்டபின் அது மீளப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு முழுமையாக மீளாமலும் போகலாம். போட்டியில் பரிசு வாங்காதவருக்கும் இதெல்லாம் நடக்கும். பொறுமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வங்காளத்தின் மனோகர் ஐச் ஐந்தடிகூட இல்லாதவர். 1952-ல் உயரம் குறைந்தோர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனபோது அவருக்கு வயது 40. 2016-ல் 104 வயதில் காலமானார். அந்த நாற்பதை நம் பையன்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாவு தயார். இனி தோசைக்கல். மேடைக்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களை ‘கட்டிங்’ என்கிறார்கள். சாப்பாட்டைச் செலவைவிடச் சற்றுக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல், பளுப் பயிற்சியை விடாமல், தோலடிக் கொழுப்பை மட்டும் கரைப்பது. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை இறங்கினால் தசை பெரும்பாலும் தங்கும். அதற்கு மேல் அவசரப்பட்டால் தசையும் சேர்ந்து கரையும். மேடை ஏறும் ஆணின் உடலில் கொழுப்பு ஐந்து சதவீதத்தை ஒட்டி நிற்கும். உறுப்புகள் இயங்கவே மூன்று சதவீதம் அளவுக்குத் தேவை என்பதை நினைத்தால், அந்த நிலை எவ்வளவு விளிம்பு என்று புரியும். கோபம், குளிர், தூக்கமின்மை எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துதான் அந்த மாதங்களைக் கடக்கிறார்கள்.

கடைசி நாட்களில் சோறு, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தைக் கூட்டுவார்கள். தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரை உடன் இழுத்து வைத்துக்கொள்வதால், தசை நிறைந்து தெரியும். தண்ணீரை அடியோடு நிறுத்துவது இதற்கு நேர் எதிரான வேலை. தசையின் பெரும்பகுதியே நீர்தான். சிறுநீர் பெருக்கி மாத்திரை போடுவது உயிரோடு விளையாட்டு. ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு தடுமாறினால் இதயம் நின்றுவிடலாம். முகமது பெனசிசா என்ற ஆணழகன் போட்டியாளர் 1992-ல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். ஆஸ்திரியப் போட்டியாளர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 மார்ச்சில், உறுப்புகள் செயலிழந்து 31 வயதில் இறந்தார். இந்த இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு ஜிம் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

பரிமாறும் நேரம் வரும்போது ரசிகருக்கும் வேலை இருக்கிறது. 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் யூஜின் சாண்டோ என்ற உடற்கட்டு வீரர் நடத்திய போட்டியில் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலும், சார்ல்ஸ் லாஸ் என்ற சிற்பியும் சாண்டோவுடன் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். அங்கே பார்த்தது தசையின் பருமனை மட்டுமல்ல. எல்லாப் பாகமும் சமமாக வளர்ந்திருக்கிறதா, தசை இறுக்கமாக இருக்கிறதா, ஆரோக்கியம் எப்படி, தோல் எப்படி என்றும் பார்த்தார்கள். மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் போட்டியில் இன்று கொடுக்கும் சிலையும் சாண்டோவின் உருவம்தான்.

ஆகவே நம் ஊர்ப் போட்டிக்குப் போகும்போது கையைப் பார்த்து மட்டும் விசிலடிக்காதீர்கள். விளக்கொளி தோலை வெளிறச் செய்வதால் கருநிறச் சாயம் பூசி எண்ணெய் தடவி வருவார்கள். அதையும் கடந்து பாருங்கள். முன்புறம் இரட்டை பைசெப்ஸ் காட்டும்போது அனேகமாக எல்லோரும் நன்றாகவே தெரிவார்கள். திரும்பி நின்று முதுகைக் காட்டச் சொன்னதும் வித்தியாசம் தெரியும். முதுகையும் தொடையின் பின்புறத்தையும் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட முடியாது. அங்கே தசை இருந்தால், பார்ப்பவர் இல்லாத இடத்திலும் பல ஆண்டு உழைத்தார் என்று பொருள். கெண்டைக்காலையும் பாருங்கள். இந்த உழைப்பைத் திரையும் காட்டியிருக்கிறது: வடசென்னைப் பையன் ஒருவன் மிஸ்டர் தமிழ்நாடு பட்டத்துக்கு உழைப்பதை 2015-ல் ‘ஐ’ படத்தில் பார்த்தோம். நிஜத்தில் சென்னையின் எஸ். பாஸ்கரன் இந்த விளையாட்டுக்காக 2019-ல் அர்ஜுனா விருது வாங்கியிருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு நம்மிடம் கிடைக்கும் பேச்சு இன்னும் போதாது.

போட்டி முடிந்த வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாதக்கணக்கில் பசித்த உடம்பு, பிரியாணியைக் கண்டதும் உப்பையும் நீரையும் அள்ளி வைத்துக்கொள்ளும். சில நாளில் பல கிலோ ஏறி, கால் வீங்கி, மேடையில் இருந்த ஆளா இவர் என்று அவரே கலங்குவார். பசியை அடக்கும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரம் ஆகும். மேடைக்கு முன்பே அந்த வாரத்தின் சாப்பாட்டுப் பட்டியலையும் மாஸ்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூட வருபவர் யாராவது அதைக் கையில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் போட்டி முடிந்த இரவில் போட்டியாளருக்கு அதைப் படிக்கும் மனநிலை இருக்காது.