மிகை வெற்றோட்ட வேகம் (கார்புரேட்டர் பொறி)

மிகை வெற்றோட்ட வேகம் என்பது, கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பெட்ரோல் பொறியொன்று, ஆக்சிலரேட்டர் மிதி அழுத்தப்படாத நிலையிலும் உரிய அளவைவிட விரைவாகச் சுழலும் கோளாறு ஆகும். வாகனம் நகராமல் பொறி மட்டும் இயங்கும் நிலையே வெற்றோட்டம். பணிமனைகளில் இது ஐடிலிங் என்றும் ஸ்லோ என்றும் வழங்கப்படுகின்றது. பழைய நான்கு உருளைக் கார்கள் பெரும்பாலானவற்றில் வெற்றோட்ட வேகம் நிமிடத்திற்கு 600 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். நன்கு சூடேறிய பின்னரும் பொறி 1200 சுற்றுகளுக்கு மேல் ஓடுமாயின் அது கோளாறாகவே கொள்ளப்படும்.

இக்கோளாறினால் எரிபொருள் வீணாகின்றது. கியர் மாற்றும்போது உராய்வொலி எழுகின்றது. சாவியை அணைத்த பின்னும் பொறி சில சுற்றுகள் தானே ஓடக்கூடும். தானியங்கி கியர் கொண்ட கார் பிரேக்கை விட்டவுடன் எதிர்பாராத வேகத்தில் முன்னேறுவதால் விபத்துக்கும் இது காரணமாகலாம்.

அடிப்படை

பெட்ரோல் பொறியின் வேகத்தை முதன்மையாகக் கட்டுப்படுத்துவது அதனுள் செல்லும் காற்றின் அளவாகும். கார்புரேட்டரின் குழலில் உள்ள திராட்டில் தகடு இக்காற்றைக் கட்டுப்படுத்துகின்றது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் தகடு ஏறத்தாழ முழுவதும் மூடிக்கொள்ளும். வெற்றோட்டத் திருகு அதனை மயிரிழையளவு திறந்து வைத்திருக்கும். அந்த இடைவெளியினூடாகச் செல்லும் காற்றும் அதனுடன் கலக்கும் பெட்ரோலும் பொறி நின்றுவிடாமல் காக்கின்றன.

எனவே, பொறி விரைந்து ஓடுகிறதெனில் இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும். காற்று ஏதோவொரு வழியில் கூடுதலாக நுழைந்திருக்கலாம். அல்லது தீப்பொறி முந்தி எழுவதால் அதே அளவு கலவையிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைத்திருக்கலாம். இவற்றைக் கண்டறியாமல் வெற்றோட்டத் திருகை மட்டும் தளர்த்துவது காரணத்தை மறைக்குமேயன்றி நீக்காது. காற்றுக் கசிவு தொடர்ந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, பொறி அளவுக்கு மீறிச் சூடாகி, வெளியேற்று வால்வுகள் கருக நேரிடலாம்.

காரணங்கள்

• சோக் முழுவதும் திரும்பாமை. குளிர்ந்த பொறியைக் கிளப்ப உதவும் சோக், திராட்டிலையும் சற்றுத் திறக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதன் கம்பி துருப்பிடித்து இறுகினால் பொறி சூடான பின்னும் விரைவோட்டம் நீடிக்கும்.
• ஆக்சிலரேட்டர் கம்பி இறுக்கமாக இருத்தல், அல்லது மீட்பு வில் தளர்தல்.
• திராட்டில் அச்சு தேய்தல். தேய்ந்த அச்சின் இருபுறமும் காற்று நுழையும்; தகடும் நேராக மூடாது.
• கார்புரேட்டருக்கும் உள்ளெடுப்புக் குழலுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் சிதைதல்.
• பிரேக் பூஸ்டர் குழாய், பொறியின் புகைபோக்கி வால்வு ஆகியவற்றின் ரப்பர் வெடித்தல்.
• டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள எடைகளின் வில்கள் தளர்தல், அல்லது பணிமனைகளில் டைமிங் எனப்படும் தீப்பொறி நேரம் தவறாக அமைக்கப்படுதல்.

கசிவு சிறிதாயின் வேகம் உயரும். பெரிதாயின் கலவை மிகவும் மெலிந்து பொறி குலுங்கும்.

பல கார்புரேட்டர்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வெற்றிடத் துளை, மூடிய தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே அமைந்திருக்கும். தகடு தேவைக்கு மேல் திறந்தால் இத்துளை வெற்றிடத்திற்கு உட்பட்டுத் தீப்பொறியை முன்னே நகர்த்தும்; வேகம் மேலும் கூடும். திருகை மிகச் சிறிதளவு திருப்பியதும் வேகம் திடீரென எகிறுவதற்கு இது ஒரு காரணமாகும்.

கண்டறியும் முறை

பொறியை இயல்பான வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே சோதனை தொடங்க வேண்டும். கியர் நடுநிலையிலும் கைப்பிரேக் இழுக்கப்பட்ட நிலையிலும் இருத்தல் அவசியம்.

1. சோக் முழுவதும் உள்ளே சென்றுள்ளதா என்பதைக் காரினுள் உள்ள கைப்பிடியில் மட்டுமன்றிக் கார்புரேட்டரிலும் நேரில் பார்க்க வேண்டும்.
2. ஆக்சிலரேட்டர் கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். வேகம் குறைந்தால் கோளாறு கம்பியிலோ மிதியிலோ உள்ளது.
3. வெற்றோட்டத் திருகை அது நெம்புகோலைத் தொடாத அளவுக்குத் தளர்த்த வேண்டும். அப்போதும் பொறி விரைந்து ஓடினால் காற்று வேறு வழியில் நுழைகிறது, தகடு முழுவதும் மூடவில்லை, அல்லது தீப்பொறி முந்துகிறது என்பது தெளிவாகும்.
4. வெற்றிடக் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பார்க்க வேண்டும். எதை நசுக்கும்போது வேகம் மாறுகிறதோ அவ்வழியில் கசிவு இருக்கக்கூடும்.
5. இணைப்புகளின்மீதும் திராட்டில் அச்சின் முனைகளிலும் சிறிதளவு நீரைத் தெளிக்கலாம். நீர் கசிவைக் கணநேரம் அடைப்பதால் பொறியின் ஓசை மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், மின்கம்பிகள் ஆகியவற்றின்மீது நீர் படக்கூடாது.
6. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத் தீப்பொறி நேரத்தை விளக்குக் கருவியால் அளக்க வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே வெற்றோட்டத் திருகையும் கலவைத் திருகையும் மாறிமாறிச் சரிசெய்து உரிய வேகத்தைப் பெற வேண்டும்.

எடுத்துக்காட்டு: மொரிஸ் மைனர் 1000

1956இல் அறிமுகமான மொரிஸ் மைனர் 1000 காரில் 948 கன செ.மீ. பொறியும், 1962 முதல் 1098 கன செ.மீ. பொறியும் பயன்பட்டன. இரண்டிலும் எஸ்.யூ. கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. இலங்கைச் சாலைகளில் இக்கார் இன்றும் காணப்படுகின்றது.

எஸ்.யூ. கார்புரேட்டரில் தனியான சோக் தகடு இல்லை. சோக் கைப்பிடியை இழுத்தால் பெட்ரோல் வரும் ஜெட் கீழிறங்கிக் கலவையைச் செறிவாக்கும். அதே அசைவு கேம் ஒன்றைத் திருப்பித் திராட்டிலையும் சற்றுத் திறக்கும். கைப்பிடி உள்ளே இருக்கையில், விரைவோட்டத் திருகுக்கும் கேமுக்கும் இடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையெனில் சோக் அணைந்திருந்தும் பொறி விரைந்தே ஓடும்.

கலவையைச் சோதிக்க, கார்புரேட்டரின் உந்துருளையை ஏறத்தாழ 0.8 மி.மீ. உயர்த்திப் பார்ப்பர். வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் கலவை செறிவானது. பொறி நின்றுவிட முற்பட்டால் மெலிந்தது. கணநேரம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரியானது. ஜெட்டின் அடியிலுள்ள மரையை மேல்நோக்கித் திருப்பினால் கலவை மெலியும். கீழ்நோக்கித் திருப்பினால் செறிவாகும்.

நீண்டகாலம் ஓடிய எஸ்.யூ. கார்புரேட்டர்களில் திராட்டில் அச்சின் தேய்மானம் பரவலான குறையாகும். அச்சை அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் தென்பட்டால் எந்தத் திருகும் பயன் தராது. அச்சை மாற்ற வேண்டும். துளை தேய்ந்திருந்தால் அதில் புதிய புஷ் பொருத்த வேண்டும்.

பாதுகாப்பு

பொறியின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகையால் மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிடலாகாது. தளர்ந்த உடை, நீண்ட தலைமயிர் ஆகியவை விசிறியிலோ பட்டையிலோ சிக்காமல் காத்தல் வேண்டும். கசிவைக் கண்டறியச் சிலர் எரியக்கூடிய துப்புரவுத் தெளிப்பான்களைப் பயன்படுத்துவதுண்டு. வெளியேற்றுக் குழலின் வெப்பத்தால் அவை தீப்பற்றலாம்.

சாலையில் செல்லும்போது திராட்டில் திறந்தபடி சிக்கிக்கொண்டால், கிளட்சை அழுத்திப் பிரேக்கிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திய பின் பொறியை அணைக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஐரோப்பாவில் 1993 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வந்த உமிழ்வு விதிகள் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தலுக்குப் பெற்றுத் தந்தன. உட்செலுத்தல் முறையில் வெற்றோட்ட வேகத்தைக் கணினியே கட்டுப்படுத்துகின்றது. எனினும், அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்தால் வேகம் நிலைகுலையும் என்பது அப்பொறிகளுக்கும் பொருந்தும்.