கூலியும் படையும்: வன்னியில் சீருடைச் சேவை பற்றிய ஒரு நோக்கு

படைச் சேவை பற்றிய நம் எழுத்துக்கள் பெரும்பாலும் வீரத்தைப் போற்றுவனவாகவோ அழிவைக் கண்டு இரங்குவனவாகவோ அமைந்துள்ளன. படைச் சேவை ஒரு தொழிலுமாகும் என்பதும், பிற தொழில்களைப் போலவே அதற்கும் ஊதியமும் பயிற்சியும் சமூக மதிப்பும் உண்டு என்பதும் போதிய கவனத்தைப் பெறவில்லை. இம்மூன்றும் யாருக்கு, எந்த அளவில், எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கின்றன என்பது சமூகவியல் சார்ந்த வினா. வன்னிப் பெருநிலப்பரப்பை, சிறப்பாகத் தண்ணீரூற்றையும் அதன் அயலையும் மனத்திற் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்ணீரூற்று, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் முள்ளியவளையை அடுத்துள்ள ஊர். நிலத்தினின்று இயல்பாகச் சுரக்கும் நீரே அதற்குப் பெயர் தந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்ந்த இப்பகுதியிலிருந்து, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் போர் நெருங்கியபோது எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். சீருடை அணிந்தோர் பலரை இம்மண் கண்டிருக்கின்றது. ஆதலின், சீருடைக்கும் சோற்றுக்கும் இடையிலான உறவை ஆராய இதனினும் பொருத்தமான களத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

1. மரபு வகுத்த வேறுபாடு

பழந்தமிழ் மரபு படையை ஒரே தன்மையதாகக் கருதவில்லை. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரைவகுத்த பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படை அறுவகைப்படும் என்பதைச் சுட்டி, அவற்றுள் வழிவழியாக வரும் மூலப்படையையே சிறப்புடையதாகக் கொள்கின்றார். கூலிக்குப் போரிடுவோனும் குடிவழியாகப் போரிடுவோனும் மதிப்பில் ஒப்பாகார் என்பது இப்பகுப்பின் உட்கிடையாகும். ஆயினும் அதே அதிகாரத்தில் வள்ளுவர், தேய்ந்து சிறுத்தலும் நீங்காத வெறுப்பும் வறுமையும் இல்லாத படையே வெல்லும் என்னும் கருத்தையும் வைத்துள்ளார். வீரத்தைப் பேசுமிடத்திலும் வயிற்றை மறவாத நோக்கு இது.

‘செஞ்சோற்றுக் கடன்’ என்னும் வழக்கும் இங்கு கருதத்தக்கது. உண்ட சோறு கடனாகின்றது. உயிரால் அக்கடன் தீர்க்கப்படுகின்றது. ஊதியத்தை உழைப்பின் விலையாகக் கொள்ளாது, தலைவன் அளித்த கொடையாகக் கொள்ளும் நிலவுடைமைச் சமூகத்தின் அறம் இதுவாகும். போரில் மாண்டவனின் வழியினர்க்கு நிலம் அளிக்கும் உதிரப்பட்டி என்னும் முறையும், அவனுக்கு நடுகல் எடுக்கும் வழக்கமும் அவ்வறத்தின் மறுபக்கங்களாம். முன்னது குடும்பத்தின் வாழ்வுக்கு. பின்னது ஊரின் நினைவுக்கு. ஊதியமும் மதிப்பும் இரண்டு வெவ்வேறு கணக்குகள் என்பதை மரபு அறிந்திருந்தது என்றே நாம் கொள்ளவேண்டும்.

வன்னியின் வரலாற்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் தலைமையிலான படை முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. தோற்ற தலைவனின் பெயர் இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றது. அவனோடு நின்று மடிந்த குடியானவர்களின் பெயர்கள் எவர்க்கும் தெரியா. பொதுமதிப்பு என்பது படைக்குள்ளேயே சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதற்கு இது சான்று.

2. சம்பளப் பட்டியலில் ஏறிய வீரம்

நவீன அரசின் படையில் ஊதியம் கொடையன்று. சட்டத்தால் வரையறுக்கப்பட்ட உரிமை. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் நிறுவப்பட்டது. 1955இல் அதன் தளபதிப் பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழரே. 1956இன் மொழிக் கொள்கைக்கும் 1962இன் சதிப்புரட்சி முயற்சிக்கும் பின்னர் படையின் இனக்கூறு விரைந்து மாறியது. காலப்போக்கில் அது ஏறத்தாழ முழுவதும் சிங்களவர்களைக் கொண்ட படையாயிற்று. வன்னித் தமிழ் இளைஞன் ஒருவனுக்கு இராணுவச் சம்பளம் என்பது வாழ்க்கைத் தெரிவுகளுள் ஒன்றாக இல்லாது போயிற்று. இராணுவம் அவனுக்கு அயலாரின் நிறுவனமாகவே தோன்றியது.

தென்னிலங்கையின் வறண்ட வலயக் கிராமங்களிலோ நிலைமை வேறு. விவசாயம் நலிந்து, அரச வேலைகள் சுருங்கிய காலத்தில் படையே கிராமத்து இளைஞனுக்குக் கிடைத்த நிலையான தொழிலாயிற்று. மாதச் சம்பளம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், ஓய்வூதியம் என்பன ஒருங்கே கிடைக்கும் வேறொரு தொழில் அவனுக்கு இருக்கவில்லை. 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இத்தகைய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை முற்போக்குச் சிந்தனையுடையோர் மறத்தலாகாது. ‘ரணவிரு’ என்னும் பட்டம் அவர்களுக்குச் சூட்டப்பட்டது. 1999இல் அவர்தம் நலன்பேண அதிகாரசபையொன்றும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதே காலத்தில் படையை விட்டுத் தப்பியோடியோர் பல்லாயிரவர். பட்டம் உயர உயர, பட்டத்துக்குரியவர்களே ஓடிக்கொண்டிருந்தனர் என்பது சிந்திக்கத்தக்க முரண்பாடாகும்.

மதிப்பு என்பது விழாக்களில் வழங்கப்படும் சொற்களால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை அண்மைக்கால இந்திய நிகழ்வொன்றும் உணர்த்துகின்றது. 2022 ஜூனில் இந்திய அரசு அறிவித்த அக்கினிபாதைத் திட்டம், படைவீரரை நான்காண்டுகளுக்கு மட்டும் சேர்த்து, அவர்களுள் நான்கில் ஒரு பங்கினரை மட்டுமே நிரந்தரமாக்குவது. முதலாண்டு மாதச் சம்பளம் முப்பதாயிரம் இந்திய ரூபா, ஏனையோர் நான்காண்டு முடிவில் ஒரு தொகைப் பணத்துடன் விலக வேண்டும், ஓய்வூதியம் இல்லை. பீகார் முதலிய மாநிலங்களில் இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். சம்பளத் தொகையைக் காட்டிலும் ஓய்வூதியமும் பணி நிலைபேறும் மறுக்கப்பட்டமையே அவர்களைச் சினங்கொள்ளச் செய்தது. கிராமத்துச் சாதாரணன் ஓய்வூதியத்தையே அரசு தனக்களிக்கும் மதிப்பின் உறுதியான வடிவமாகக் காண்கின்றான் என்பது இதனாற் புலனாகும்.

3. ஊதியமற்ற மதிப்பு

விடுதலைப் புலிகளின் ஆட்சிக்காலத்தில் வன்னி கண்டது இதற்கு நேர்மாறான ஓர் ஒழுங்கு. போராளிக்குச் சம்பளம் இல்லை. பராமரிப்பு மட்டுமே உண்டு. பயிற்சியோ கடுமையானது. மதிப்போ மிக உயர்ந்தது. 1989 முதல் நவெம்பர் 27ஆம் நாள் மாவீரர் நாளாக அனுட்டிக்கப்பட்டது. முள்ளியவளையிலும் ஒரு துயிலும் இல்லம் அமைந்தது. பழைய நடுகல் மரபு புதிய வடிவிற் புத்துயிர் பெற்றது எனலாம். சாதி, சீதனம் முதலிய தளைகளில் அழுந்தியிருந்த இளையோர் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சீருடை முதன்முறையாகத் தெருவிலே தலைநிமிர்ந்து நடக்கும் நிலையைத் தந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் அம்மதிப்பின் விலையையும் நாம் கூறியாக வேண்டும். இறுதிப் போர்க்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்ற முறையில் ஆட்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர், சிறுவரும் சேர்க்கப்பட்டனர். விரும்பாத பிள்ளையைப் பிடித்துச் சென்று, குறுகிய பயிற்சியின்பின் களத்துக்கு அனுப்பி, இறந்தபின் மாவீரர் என அழைப்பது, மதிப்பளிப்பதாகாது. பிள்ளையை இழந்த தாயின் துயரம் உண்மையானது. அத்துயரத்துக்குப் பொது இடம் வேண்டும். போருக்குப்பின் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டமை பெரும் அநீதி. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கூறும் நேர்மை நமக்குத் தேவை.

4. படையற்ற கூலி

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக ஊர் திரும்பினர். அவர்கள் கற்ற திறன்கள் பல. காயத்துக்கு மருந்திட்டோர், வாகனம் திருத்தியோர், கணக்கெழுதியோர் எனப் பலதிறத்தினர் இருந்தனர். அத்திறன்களுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அரச புலனாய்வாளரின் கண்காணிப்பு ஒருபுறம், அயலவரின் ஐயம் மறுபுறம். வேலை தருவோரும் தயங்கினர்.

இந்நிலையிலேயே சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் காலூன்றியது. 1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமங்களில் ஆயுதம் வழங்கப்பட்டு உருவான ஊர்காவற் படையே, 2006இல் இத்திணைக்களமாக மாற்றப்பட்டது. தமிழர் கிராமங்களுக்கு அச்சம் விளைவித்த ஒரு படையின் வழித்தோன்றல், போருக்குப்பின் அதே தமிழர்க்குச் சம்பளம் வழங்கும் நிறுவனமாயிற்று. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் முன்னாள் போராளிகள், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பத்தினர் உட்பட ஆயிரக்கணக்கானோர் அதன் ஊழியராயினர். விசுவமடு முதலிய இடங்களிற் பண்ணைகள் தோன்றின. முன்பள்ளி ஆசிரியைகளும் அதன் சம்பளப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர்.

இங்கு ஊதிய வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2017ஆம் ஆண்டளவில் மாகாணக் கல்வி நிருவாகத்தின் கீழிருந்த முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா. அதே குழந்தைகளுக்கு அதே பாட்டையும் அதே எழுத்தையும் கற்பித்த சிவில் பாதுகாப்புத் திணைக்கள ஆசிரியை பெற்றதோ ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபா. வேலை ஒன்று, திறன் ஒன்று, கூலி ஐந்து மடங்கு. இவ்வேறுபாடு கல்விக்கு அளிக்கப்பட்ட விலையன்று. பாதுகாப்பு அமைச்சின் கீழ் நிற்பதற்கு அளிக்கப்பட்ட விலை. பரிமேலழகர் சுட்டிய அறுவகையுள் இதற்கு இடமில்லை. அங்கே கூலிப்படை உண்டு. இங்கே படையற்ற கூலி.

படைக்குள்ளே நேரடியாகச் சேர்க்கப்பட்டோரும் உளர். 2012 நவெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் இணைக்கப்பட்டனர். எழுதுவினைஞர் போன்ற வேலையென நம்பியே பலர் சென்றனர் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது; தாமாக விரும்பியே இணைந்தனர் என்பது இராணுவத்தின் விடை. அடுத்த மாதமே பயிற்சியிலிருந்த பெண்கள் சிலர் கிளிநொச்சி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட செய்தி ஊரெங்கும் பரவியது.

அடிப்படைப் பயிற்சியின் இயல்பை இவ்விடத்திற் கருதுதல் பொருத்தமாகும். அணிநடை, உடற்பயிற்சி, ஆயுதக் கையாளுகை என்பன அதன் புறக்கூறுகள். தனிமனிதனை அவனது பழைய உறவுகளிலிருந்து பிரித்துப் புதிய விசுவாசமொன்றிற் பொருத்துவதே அதன் அகக்கூறு. தன் இல்லத்தாரைப் போரில் இழந்த பெண், போரிட்ட அப்படையின் கட்டளைச் சொற்களை, தனக்குப் பழக்கமற்ற மொழியிற் கேட்டு அணிவகுக்கும்போது, அப்பயிற்சி ஏனைய படைவீரர் பெறும் பயிற்சியோடு ஒப்பாகுமா?

அவளை ஊர் எவ்வாறு நோக்கியது என்பது அடுத்த வினா. சம்பளம் பெறும் கையை நாடிக் கடன் கேட்ட அயலவரே, அச்சீருடையைக் கண்டு முகம் திருப்பவும் செய்தனர். 2018 ஜூனில் விசுவமடுவில், இடமாற்றம் பெற்றுச் சென்ற சிவில் பாதுகாப்புத் திணைக்கள இராணுவ அதிகாரி ஒருவருக்குத் தமிழ் ஊழியர்கள் கண்ணீர்மல்க விடைகொடுத்தனர். தென்னிலங்கை ஊடகங்கள் அதனை நல்லிணக்கத்தின் வெற்றியாகக் கொண்டாடின. தமிழ்த் தேசியர் சிலர் அதனைத் துரோகமெனச் சாடினர். இரு சாராரும் அழுதவர்களை மறந்தனர் என்பதே நம் கருத்து. ஆண்டுக்கணக்கில் எவரும் வேலை தராதபோது வேலை தந்து, பெயர் சொல்லி அழைத்த ஒருவருக்காக மனிதர் அழுவது இயல்பே. அக்கண்ணீர் ஒரு தனிமனிதரின் பண்புக்குச் சான்று. அமைப்பின் நீதிக்குச் சான்றன்று.

அமைப்பின் பருமனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2017இல் அடையாளம் கொள்கை ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வு, முல்லைத்தீவு மாவட்டத்தில் குறைந்தது அறுபதாயிரம் படையினர் நிலைகொண்டிருந்தனர் எனவும், அது குடிமக்கள் இருவருக்கு ஒரு படையினர் என்ற விகிதம் எனவும் மதிப்பிட்டது. அதே ஆண்டில் தண்ணீரூற்றுக்கு அயலிலுள்ள கேப்பாப்புலவு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணிகளுக்காகத் தெருவிலே அமர்ந்து போராடினர். உழுநிலம் ஒரு கையால் எடுக்கப்பட, சம்பளம் மறுகையால் வழங்கப்படுகையில், அதனை ஏற்பதைச் சுதந்திரமான தெரிவு என்று எவ்வாறு கூறுவது?

5. முடிபு

ஊதியம் உயர்ந்தாற் போதும், மதிப்பு தானே வரும் என்பர் சிலர். மதிப்பு இருந்தாற் போதும், ஊதியம் வேண்டா என்பர் வேறு சிலர். வன்னியின் அனுபவம் இரண்டையும் பொய்ப்பிக்கின்றது. இயக்கம் மதிப்பளித்தது, மறுக்கும் உரிமையை அளிக்கவில்லை. அரசு ஊதியம் அளித்தது. பசியின்றி மறுக்கும் வழியை விட்டுவைக்கவில்லை. ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையுடையவன் ‘ஆம்’ என்று சொல்லும்போதே சேவை பிறக்கின்றது. அச்சேவைக்கே பொதுமதிப்பு உரியது.

இதனால், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தை ஒரே நாளில் மூடுக என்பது தீர்வாகாது. அங்ஙனம் மூடினால் முதலில் அணைவது எளியோரின் அடுப்பே. ஊழியர் பலர் திணைக்களத்திலேயே தொடர விரும்பியமைக்கு இவ்வச்சமே காரணம். முன்பள்ளிகள் கல்வி நிருவாகத்திடமும் பண்ணைகள் விவசாயத் துறையிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் சேர வேண்டும். சேரும்போது சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் குறையாது உடன்செல்ல வேண்டும். முன்னாள் போராளியின் திறனுக்குத் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்க வேண்டும். 2023 ஜனவரியில் இலங்கை அரசு, இராணுவத்தின் ஆளணியை 2030ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அங்ஙனம் குறையுமிடத்து, அநுராதபுரத்து இளைஞனுக்கும் தண்ணீரூற்று இளைஞனுக்கும் முன்னுள்ள வினா ஒன்றேயாகும்: சீருடை அணியாமலே மதிப்புடன் உண்ணத்தக்க தொழில் எங்கே? அவ்வினாவை இரு மொழியாரும் ஒருங்கே எழுப்பும் நாளில், செஞ்சோறு கடனாகாது, உழைப்பின் உரிமையாகும்.